லிஸ்பனுக்கு எத்தனை மணி நேர ஓட்டம்?

இரண்டு ஊர்ப் பெயரைப் போட்டால் இடையில் எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம் என்று சொல்லும் இணையதளங்கள் நிறைய இருக்கின்றன. அதில் ஒன்றைப் போன பிப்ரவரியிலிருந்து பயன்படுத்துகிறேன். பெயர் சொல்லப்போவதில்லை. காசு வாங்காமல் கொடுப்பவரைப் பேர் சொல்லித் திட்டுவது முறையில்லை. தமிழில் பக்கம் வைத்திருக்கிறார்கள், எழுத்து பெரிதாக இருக்கிறது, கண்ணாடி போடாமல் படிக்க முடிகிறது. அதனால்தான் அதில் போய் விழுந்தேன்.

நான் பாம்பன்காரன். 34 வருஷம் விசைப்படகில் டிரைவர். இப்போது முட்டி ஒத்துழைக்கவில்லை, படகை மகன் பார்த்துக்கொள்கிறான். மகள் ஜெர்மனியில் பிராங்க்பர்ட்டில் நர்ஸ். அவளிடம் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்றுதான் முதலில் பேச்சு. நடுவில் அந்தோணியார் வந்து சேர்ந்தார்.

கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் போகிற வீடு எங்களுடையது. பதுவை அந்தோணியார் என்றே சொல்லிப் பழகியதால், அவர் இத்தாலியில் பிறந்தவர் என்றுதான் என் வீட்டுக்காரி நினைத்திருந்தாள். ஒருநாள் போனில் மகள், “அவரு பொறந்தது லிஸ்பன்லம்மா, போர்ச்சுகல்ல. 1195-ல. பதுவையில இறந்தாரு, அவ்வளவுதான்” என்று சொல்லி வைத்தாள். ஜூன் 13 அவர் திருநாள். லிஸ்பனில் அன்றைக்கு ஊரே தெருவில் இருக்கும், முதல் நாள் ராத்திரி வீட்டுக்கு வீடு வாசலில் அடுப்பு வைத்து மீன் சுடுவார்கள் என்றும் சொன்னாள். அவ்வளவுதான். நேர்ச்சை முடிவாகிவிட்டது. எங்களுக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் படகு கரையில்தான் கிடக்கும். போக அதைவிடத் தோதான நேரம் ஏது?

சரி, பிராங்க்பர்ட்டிலிருந்து லிஸ்பன் எவ்வளவு தூரம்? இதுதான் நான் அந்தத் தளத்தில் கேட்ட முதல் கேள்வி. 2,368 கி.மீ. என்று வந்தது.

எனக்கு இது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. படகுக்காரன் யாரும் ஜிபிஎஸ் காட்டுவதை அப்படியே நம்பிவிட மாட்டான், மனசுக்குள் ஒரு தோராயக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பழைய நோட்டை எடுத்தேன். லிஸ்பன் வடக்கே 38 டிகிரி 43 நிமிஷம், பிராங்க்பர்ட் 50 டிகிரி 7 நிமிஷம். வித்தியாசம் 11 டிகிரி 24 நிமிஷம். டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நிமிஷம். நெடுக்கே நிமிஷத்துக்கு ஒரு நாட்டிகல், அதாவது ஒரு கடல் மைல், என்பது எல்லாக் கடலுக்கும் பொதுக் கணக்கு, ஆக வடக்கு தெற்காக 684 நாட்டிகல். குறுக்கே பார்த்தால் லிஸ்பன் கிரீன்விச்சுக்கு மேற்கே 9 டிகிரி 8 நிமிஷம், பிராங்க்பர்ட் கிழக்கே 8 டிகிரி 41 நிமிஷம். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்பதால் இரண்டையும் கூட்ட வேண்டும். 17 டிகிரி 49 நிமிஷம்.

இங்கேதான் நம் கடல் பழக்கம் காலை வாரிவிடும். பாம்பன் 9 டிகிரியில் இருக்கிறது, பூமத்திய ரேகைக்குப் பக்கம். இங்கே நெடுக்கே ஒரு டிகிரி ஓடினாலும் குறுக்கே ஒரு டிகிரி ஓடினாலும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான், 60-க்கு 59 நாட்டிகல். வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு வரும். லிஸ்பனுக்கும் பிராங்க்பர்ட்டுக்கும் நடுவே 44 டிகிரி வாக்கில் குறுக்கே ஒரு டிகிரிக்கு 43 நாட்டிகல்தான் தேறும். அப்படிப் பார்த்தால் குறுக்கே 764. இரண்டையும் முக்கோணத்தில் வைத்துக் கணக்குப் போட்டால் 1,025 நாட்டிகல், கிலோமீட்டரில் 1,900. தளம் சொன்னது 2,368. பூமி உருண்டை என்பதற்காகப் பத்து கிலோமீட்டர் முன்னே பின்னே போகலாம், 468 எப்படிப் போகும்?

மகளைக் கேட்டால் அவளுக்கும் புரியவில்லை. ரெண்டு நாள் கழித்து நானே கண்டுபிடித்தேன். ஜெர்மனியில் பிராங்க்பர்ட் இரண்டு இருக்கின்றன! ஒன்று மைன் ஆற்றங்கரையில், பெரிய விமான நிலையம் உள்ள ஊர். இன்னொன்று ஓடர் ஆற்றங்கரையில், பெர்லினுக்கும் கிழக்கே, போலந்து எல்லையில். தளம் கேட்காமலேயே ஓடர்க்கரையை எடுத்துக்கொண்டது. நம்மூரில் திருப்பத்தூர் என்று சொன்னால் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரா, வடக்கே தனி மாவட்டமாக இருக்கும் திருப்பத்தூரா என்று பஸ் கண்டக்டர்கூடத் திருப்பிக் கேட்பார். இது கேட்கவில்லை. பெட்டியின் ஓரத்தில் சின்னதாக ஒரு அம்புக்குறி இருக்கிறது, அதை அமுக்கினால்தான் ஒரே பெயருள்ள ஊர்கள் வரிசையாக வருகின்றன. மைன்கரையைத் தேர்ந்தெடுத்த பிறகு 1,890 கி.மீ. என்று வந்தது. என் நோட்டுக் கணக்குக்கும் அதற்கும் பத்து கிலோமீட்டர்தான் வித்தியாசம். அன்றைக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தேன், வீட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த 1,890 ஊர் நடுவிலிருந்து ஊர் நடுவுக்கு. விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு எடுத்தால் 1,875 பக்கம் வரும். இதைப் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன். லிஸ்பன் விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, இறங்கி மெட்ரோவில் ஏறிவிடலாம். பிராங்க்பர்ட்டில் ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆனால் “அருகிலுள்ள விமான நிலையங்கள்” என்ற பட்டியலில் பிராங்க்பர்ட் ஹான் என்று இன்னொன்றையும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சேர்த்திருக்கிறார்கள். அது பெயரில்தான் பிராங்க்பர்ட். ரோட்டில் 120 கி.மீ. தள்ளி இருக்கிறது. ராமநாதபுரத்தில் இறக்கிவிட்டு, மதுரை வந்துடுச்சு இறங்குங்க என்று சொல்வது போல. டிக்கெட் விலை குறைவு என்று அதை எடுத்துவிட்டு நடு ராத்திரியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் கதையை மகள் சொல்லியிருக்கிறாள்.

தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. மனுஷர் யாரும் அதைப் படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. நேர்க்கோட்டுத் தூரத்துக்கு “காகம் பறக்கும் தூரம்” என்று போட்டிருக்கிறார்கள். ராமேசுவரத்தில் இல்லாத காக்கையா? எதுவும் தனுஷ்கோடியைத் தாண்டிப் போய் நான் பார்த்ததில்லை. அதுகூடச் சிரித்துவிட்டுப் போகலாம். கீழே “1,174 மைல்” என்று ஒரு வரி, அதற்கும் கீழே “1,020 மைல்” என்று இன்னொரு வரி. இரண்டும் ஒரே தூரம். முதலாவது தரை மைல், 1.609 கி.மீ. இரண்டாவது நாட்டிகல் மைல், 1.852 கி.மீ. மொழிமாற்றிய இயந்திரம் இரண்டையும் வெறும் மைல் ஆக்கிவிட்டது. எனக்குத் தெரியும், தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? கடலில் இந்தக் குழப்பம் வந்தால் டீசல் பாதியில் தீர்ந்து நிற்க வேண்டியதுதான்.

இப்போது நேரத்துக்கு வருகிறேன். என் உண்மையான வழக்கே இதில்தான்.

லிஸ்பனுக்குப் பறக்கும் நேரம் 2 மணி 22 நிமிடம் என்றது தளம். எப்படி வந்தது இது? சோதித்துப் பார்க்க நமக்குத் தெரிந்த ஊர்களைப் போட்டேன். மதுரையிலிருந்து கொழும்பு, 383 கி.மீ., 29 நிமிடம். 29 நிமிடமா! அந்த விமானத்தில் போய்வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். டிக்கெட்டில் ஒரு மணி நேரம் போலப் போட்டிருக்கும். கணக்கைப் பிரித்துப் பார்த்ததும் பிடிபட்டது. எந்த ஊரைப் போட்டாலும் தூரத்தை 800-ஆல் வகுக்கிறார்கள், வேறு ஒன்றும் இல்லை. ஓடுபாதைக்கு உருண்டு போகிற நேரம் கிடையாது, மேலே ஏறுகிற நேரம் கிடையாது, இறங்குவதற்கு முன் வரிசையில் நிற்பது கிடையாது.

இதைப் பாம்பன்காரனிடம் சொல்லிப் பாருங்கள். எங்கள் படகுத்துறையான தெற்கு வாடியிலிருந்து வடக்கே போக வேண்டிய பெரிய படகு எல்லாம் ரயில் பாலத்துக்கு அடியில்தான் போக வேண்டும். 2025 ஏப்ரல் 6-ல் திறந்தார்களே, அந்தப் புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத்துக்கு நடுப்பகுதி லிப்ட் போல அப்படியே மேலே எழும்பும். பார்க்க அழகுதான். அதற்கு அனுமதி வாங்கி, நாள் குறித்து, நீரோட்டம் பார்த்து, வரிசை பிடித்துக் கடக்கிறவரைக்கும் நங்கூரம் போட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். கால்வாயின் நீளத்தை எஞ்சின் வேகத்தால் வகுத்து “பத்து நிமிஷம்” என்று எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது இந்த 2 மணி 22 நிமிடம். குறைந்த தூரத்துக்கு இந்தத் தப்பு இன்னும் பெரிதாகத் தெரியும். விமானம் முழு வேகத்துக்கு வருவதற்குள் இறங்க ஆரம்பித்துவிடும்.

டிக்கெட் வந்தது. மகள்தான் எடுத்து அனுப்பினாள். போகும்போது பிராங்க்பர்ட்டில் காலை 9.15 புறப்பாடு, லிஸ்பனில் 11.20 வருகை. திரும்பும்போது லிஸ்பனில் மதியம் 1.00, பிராங்க்பர்ட்டில் மாலை 5.00. வீட்டுக்காரி விரல் விட்டு எண்ணினாள்.

“போக ரெண்டு மணி, வர நாலு மணியா? ஒரே வழிதானே?”

நான் உடனே, “காத்து. எதிர்க்காத்துல ஓட்டம் கூடும்” என்றேன். 34 வருஷ அனுபவம் பேசியது. சோழகக் காற்று தூக்கிக்கொண்டிருக்கிற மாதத்தில் தெற்கே முகம் வைத்து ஓடினால் எவ்வளவு டீசல் குடிக்கும் என்று ஒரு சின்னப் பிரசங்கமும் வைத்தேன். மகளிடம் போனில் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். “ப்பா, போர்ச்சுகல் கடிகாரம் ஜெர்மனியை விட ஒரு மணி நேரம் பின்னாடி. டிக்கெட்ல அந்தந்த ஊர் மணிதான் போடுவாங்க.” ஆக, போக 3 மணி 5 நிமிடம், வர 3 மணி. வித்தியாசம் அஞ்சே நிமிஷம். ஜூன் மாதத்தில் பிராங்க்பர்ட் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், லிஸ்பன் நாலரை. வெயில் காலத்துக்குக் கடிகாரத்தைத் தள்ளி வைப்பதை இரண்டு நாடும் ஒரே நேரத்தில் செய்வதால் அந்த ஒரு மணி நேர வித்தியாசம் வருஷம் முழுக்க மாறுவதில்லை.

தளத்தில் இதற்கு ஒரு கட்டம் இருக்கிறது, “நேர வேறுபாடு: 1 மணி” என்று. யார் முன்னால், யார் பின்னால் என்று சொல்லவில்லை. இறங்கும்போது உள்ளூர் மணி என்ன என்றும் சொல்லவில்லை. பயணம் போகிறவனுக்கு வேண்டியதே அதுதான்.

ஆனால் காற்றைப் பற்றி நான் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை, இதை மகளிடமும் சொல்லிவிட்டேன். ஐரோப்பாவுக்கு மேலே, விமானம் பறக்கும் முப்பது நாற்பதாயிரம் அடி உயரத்தில், பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு வேகமான காற்று ஓடிக்கொண்டிருக்கும். நம் பாஷையில் சொன்னால் அங்கே மேலே எப்போதும் கச்சான்தான். லிஸ்பன் பிராங்க்பர்ட்டுக்குத் தென்மேற்கே இருப்பதால் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது முதுகுக் காற்று. விமானத்தில் நான் கைக்கடிகாரத்தை வைத்துக் குறித்துக்கொண்டே வந்தேன். சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொட்டது வரை, போகும்போது 2 மணி 42 நிமிடம், வரும்போது 2 மணி 28. பதினாலு நிமிஷம் சும்மா வந்ததா? மிச்ச நேரமெல்லாம் தரையில் உருண்டது. பிராங்க்பர்ட்டில் நாலு ஓடுபாதை. எங்களுக்கு வாய்த்தது எதுவோ, நடந்தே லிஸ்பன் போய்விடலாம் போல உருண்டோம்.

வழியும் நேர்க்கோடு என்று நினைக்க வேண்டாம். தளத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டுக் காட்டுகிறார்கள், உருண்டையின் மேல் நூல் பிடித்த மாதிரி, அது உண்மையிலேயே அழகு. பாதி வழி பிரான்சின் மேற்குக் கரையோரம் வருகிறது, பிறகு பிஸ்கே விரிகுடாவின் மூலையை ஒட்டி ஸ்பெயினுக்குள் இறங்குகிறது. விமானம் அந்தக் கோட்டிலேயே போகவில்லை. முன் சீட்டின் திரையில் பார்த்தேன், அங்கங்கே வளைந்து போனது. வானத்திலும் வழி குறித்துத்தான் விட்டிருக்கிறார்கள்.

ரோட்டுத் தூரம் 2,200 கி.மீ.க்கு மேல் என்று காட்டுகிறது, அதில் குறையில்லை. ரயிலுக்கும் ஒரு நேரம் போட்டிருக்கிறார்கள், அதை நம்பி யாரும் கிளம்பிவிடாதீர்கள். என் வீட்டுக்காரிக்கு ரயில் பைத்தியம் என்பதால் விசாரித்தோம். லிஸ்பனிலிருந்து மாட்ரிட்டுக்கும் பிரான்ஸ் எல்லைக்கும் போய்க்கொண்டிருந்த ராத்திரி ரயில்கள் 2020-ல் நின்றவை நின்றவைதான். அந்த வழியில் போனால் எத்தனை வண்டி மாற வேண்டும் என்று மகள் எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டாள். (போர்ச்சுகல் தண்டவாளத்தின் அகலம் 1,668 மில்லிமீட்டர், நம் அகலப்பாதை 1,676. ஜெர்மனியில் 1,435. பாம்பன் பாலத்தை 2007-ல் மீட்டர்கேஜிலிருந்து மாற்றியதைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு இந்த எட்டு மில்லிமீட்டர் ஏனோ பிடித்துப்போய்விட்டது.)

லிஸ்பனைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இது வேறு கட்டுரை ஆகிவிடும். ஜூன் 12 ராத்திரி அல்பாமா என்ற பழைய பகுதியில் சந்து சந்தாகப் புகை. நம்ம சாளைக்குப் பங்காளி முறை ஆகிற மீன், கல் உப்பு மட்டும் போட்டு அப்படியே தணலில் சுட்டு, ரொட்டியின் மேல் வைத்துத் தருகிறார்கள். மிளகாய் கிடையாது. வீட்டுக்காரி கையில் கொண்டுபோயிருந்த மிளகாய்ப்பொடியைத் தூவிக்கொண்டாள், பக்கத்தில் நின்ற கிழவி ஒருத்தி கை நீட்டி வாங்கித் தானும் தூவிப் பார்த்தாள். அந்தோணியார் பிறந்த வீடு இருந்த இடத்தில் கோயில் கட்டியிருக்கிறார்கள், கீழே நிலவறைக்குப் படி இறங்க வேண்டும், முட்டி வலிக்காரர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளவும். ஆற்றங்கரையில் நின்றபோது வாஸ்கோ ட காமா நினைவு வந்தது. 1497 ஜூலையில் இங்கே பாய் விரித்தவர் கோழிக்கோட்டுக் கரைக்கு வர மறு வருஷம் மே ஆனது. அப்புறம் நாற்பது வருஷத்தில், 1538-ல், எங்கள் பக்கத்து ஊர் வேதாளையிலேயே அவர்கள் ஆட்களுக்கும் மரைக்காயர் படைக்கும் சண்டை. பத்து மாத ஓட்டத்தில் வந்தும் வேதாளை வரை மோப்பம் பிடித்திருக்கிறார்கள்.

தளத்துக்கு ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். தூரத்தை நம்பலாம், ஊரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். நாட்டிகல் கணக்கும் தருவதற்காக ஒரு நட்சத்திரம் தனியாகவே கொடுக்கலாம், நிறையப் பேர் அதைத் தருவதில்லை. நேரத்தைப் பார்க்கவே வேண்டாம். ஐரோப்பாவுக்குள் நேர் விமானம் என்றால் அவர்கள் சொல்வதோடு முக்கால் மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு அது போகவும் வரவும் ஏறக்குறையச் சரியாக இருந்தது. வெளியூரில் இணைப்பு விமானம் பிடிக்கிறவர்கள் அந்த 2 மணி 22-ஐ நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டு பிராங்க்பர்ட் விஷயத்தையும் இரண்டு மைல் விஷயத்தையும் அவர்களுடைய கருத்துப் பெட்டியில் தமிழிலேயே எழுதிப் போட்டிருக்கிறேன். இரண்டு மாதம் ஆகிறது. பதில் வரவில்லை, ஓடர்க்கரைதான் இன்னும் முதலில் வருகிறது.

நேற்று மழை, வெளியே போக முடியவில்லை. சும்மா இருக்க மாட்டாமல் ராமேசுவரம், கச்சத்தீவு என்று போட்டுப் பார்த்தேன். 25 கி.மீ., பறக்கும் நேரம் 2 நிமிடம் என்றது. போன திருவிழாவுக்கு, கரையில் சோதனைக்கு நின்றதையும் சேர்த்து, எங்களுக்கு ஐந்து மணி நேரம் ஆனது. வீட்டுக்காரியிடம் காட்டினேன். “அந்த வண்டியிலயே அடுத்த தடவை போயிடலாம்” என்று சொல்லிவிட்டு மீன் அரியப் போய்விட்டாள்.